கொழுந்தோடு வாடிய வரைபடம்

பிறர் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு அளந்து வந்த நிலத்தை நாற்காலியில் அமர்ந்தபடி கணினிக்குள் ஏற்றி வரைபடமாக்குவதுதான் என் தொழிலாக இருந்தது. நாற்காலி என்ற சொல்லைக் கேட்டவுடன் பொறாமை கொள்கிறவர்கள், அதே நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசலாம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பதுளையில் ஒரு நில அளவைக் கந்தோர்; அரசாங்க அலுவலகம். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் பெற்றவள் என்பதால்தான் கணினியை என்னிடம் ஒப்படைத்தார்கள் என்று என் தாயார் அயலவர்களிடம் சொல்லித் திரிந்தார். உண்மை வேறு. அது பழுதானால் பழி யார் தலையில் விழும் என்று ஆண்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்கத் தெரியாதவளாக நான் ஒருத்திதான் இருந்தேன்.

வரைபட மேசையில் கண்பார்வையைத் தொலைத்தவர்களே, திரையை முறைத்து முறைத்து முதுகெலும்பைத் தொலைத்தவர்களே, இது உங்களுக்காக எழுதப்பட்டது. மற்றவர்களும் வாசிக்கலாம்; அனுதாபம் மட்டும் வேண்டாம்.

பெட்டிக்குத் தெரியாத வீடு

கணினிப் பெட்டி வந்தபோது அதற்கென்றே ஓர் அறையைக் குளிரூட்டினார்கள். ஊழியர்களுக்காக ஒரு மின்விசிறி கேட்டு அலுத்துப்போன கந்தோர் அது. பெட்டியோடு அகலமான ஒரு பலகையும் வந்தது. பழைய வரைபடத்தை அந்தப் பலகைமேல் ஒட்டி, நடுவில் குறுக்குக் கம்பி பதித்த சிறு கண்ணாடிக் கருவியைக் கோட்டின்மேல் நகர்த்தி, வளைவுக்கு வளைவு பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் திரையில் ஒரு புள்ளி விழும். மென்பொருள் புள்ளிகளைக் கோடாக இணைக்கும். ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையைச் சுற்றி முடிப்பதற்குள் வலக்கைப் பெருவிரல் தனிக்குடித்தனம் கேட்கத் தொடங்கிவிடும்.

பெட்டியைப் பார்க்க வந்தவர்களைவிடக் குளிரில் நிற்க வந்தவர்களே அதிகம். ஒருநாள் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, ஓர் உயர் அதிகாரி வந்தார். ஊவா மாகாணம் முழுவதும் இதற்குள் இருக்கிறதா என்று கேட்டார். இப்போதைக்கு ஒரு தோட்டத்தின் பாதி மட்டுமே இருக்கிறது என்றேன். அப்படியானால் தம் வீட்டையாவது காட்டும்படி சொன்னார். நாம் எதைக் கொடுக்கிறோமோ அதுமட்டும்தான் இதற்குத் தெரியும், உங்கள் வீட்டை யாரும் இன்னும் இதற்குள் ஏற்றவில்லை என்று என்னால் இயன்ற பொறுமையோடு விளக்கினேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இவ்வளவு பெரிய மிசினுக்கு என்ட வீடு தெரியாதா? பண்டாரவளையில யாரைக் கேட்டாலும் காட்டுவாங்களே!”

மூடாத மலை

அளவையாளர் நிஸாம் நானா பதுளைக்காரர். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கடைவீதியில் துணி வியாபாரம் செய்ய, இவர் ஒருவர் மட்டும் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார். ஒரு கல்லில் தொடங்கி, கோணமும் தூரமும் அளந்துகொண்டே தோட்டத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய கல்லிலேயே முடிப்பது அவருடைய வேலை. அந்த அளவுகளைக் கணினியில் தட்டுவது என் வேலை. தொடக்கமும் முடிவும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். நிலத்தில் விழும், திரையில் விழாது. சரிவில் அளவுச் சங்கிலியைக் கிடையாகப் பிடிக்காமல் மலையோடு சாய்த்துப் பிடித்தால் போதும், கடைசியில் ஓர் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உருவம் மூடவில்லை என்று சொல்லிவிட்டு மென்பொருள் பரப்பளவைக் கணக்கிட மறுத்துவிடும்.

“நானா, உங்க தோட்டம் மூடல. இடைவெளிக்குள்ள ஒரு லொறி போகலாம்” என்றேன். சப்பாத்தைக் கழற்றி மழைநீரை வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “மலை மூடித்தான் ஈக்கிது தங்கச்சி. நான் சுத்தி வந்து அதே கல்லுலதான் நின்ட. ஒங்கட பொட்டிதான் தொறந்து ஈக்கிது. பெருவிரலால கொஞ்சம் தள்ளி மூடிடுங்களேன், மலை கோவிக்காது.” பெருவிரலால் தள்ளுவதற்கு எனக்கு அதிகாரமும் இல்லை, மனமும் இல்லை. எங்கள் கந்தோரில் பலர் தள்ளியிருக்கிறார்கள். அப்படித் தள்ளப்பட்ட வேலிகளுக்காக அயலவர்கள் நீதிமன்றத்தில் தலைநரைத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அவரைத் திருப்பி அனுப்பினேன். முனகிக்கொண்டே போய் மறுபடி அளந்து வந்தார். இம்முறை கோடு மூடியது. திரையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “இப்ப மூடிட்டு. ஆனா ஒன்னு தங்கச்சி, ரெண்டு தரமும் அதே மலைதான். மாறினது ஏன்ட சப்பாத்து மட்டும்தான்.”

சிந்தும் பேனா

பதுளையில் இடி முழங்கினால் மின்சாரம் போகும், முழங்காவிட்டாலும் போகும். காலையிலிருந்து அழுத்தி அழுத்திச் சேர்த்த ஓர் ஆற்றின் வளைவுகள், சேமித்து வைக்க ஒரு கணம் தாமதித்ததால், திரையோடு சேர்ந்து இருண்டுபோன பிற்பகல்கள் எனக்கு நிறைய உண்டு. அந்த நேரத்தில் அழுகை வராது. அலுப்பு வரும், அது அழுகையைவிடக் கனமானது.

கந்தோரின் தலைவர் ஜயசேகர மாத்தயா ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். வாழ்நாள் முழுவதும் கறுப்பு மையும் மெல்லிய பேனாவும் கொண்டு வரைந்தவர். மேசை இழுப்பறையில் அந்தப் பேனாக்களை இன்னமும் துடைத்து வைத்திருந்தார். மின்சாரம் போன ஒவ்வொரு தடவையும் என் அறை வாசலில் வந்து நிற்பார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நான் நெடுநாள் ஏமாந்திருந்தேன். அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “என் பேனா ஒருநாளும் நான் வரைந்ததை விழுங்கியதில்லை, மிஸ். சிந்தும், அவ்வளவுதான்.”

கோட்டுக்கு வெளியே ஓர் ஊற்று

இனி வருபவை எல்லாம் ஒரே தோட்டத்தின் கதை. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஹல்துமுல்லைக்கும் பெரகலவுக்கும் இடையிலுள்ள சரிவில் இருக்கிறது. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் மாறினாலும் பனி ஒன்றுதான். தோட்டத்திற்கு மேலே அரசாங்கத்துப் புல்வெளி. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆட்களுக்குக் கொடுக்கக் கச்சேரி தீர்மானித்திருந்தது. தோட்டம் எங்கே முடிகிறது, புல்வெளி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல எங்கள் வரைபடம் தேவைப்பட்டது.

வேலை இரண்டு பகுதி. சட்டப்படியான எல்லை, தோட்டக் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரர் காலத்துத் துணி ஒட்டிய வரைபடத்தில் இருந்தது. அதைப் பலகையில் ஒட்டி நான் உள்ளே ஏற்றினேன். இன்றைக்கு நிலத்தில் இருப்பவற்றை, அதாவது பாதைகள், லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள், தொழிற்சாலை, மேற்கணக்கு என்னும் மேல் பிரிவின் லயத்திற்கு மேலேயுள்ள ஊற்று, அதிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பீலி ஆகியவற்றை நிஸாம் நானா அளந்து வந்தார், அவற்றையும் ஏற்றினேன். இரண்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபோது ஊற்று எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. புல்வெளியில் அந்தத் துண்டு யாருக்குக் கிடைக்கிறதோ, அவருக்கே ஊற்றும் சொந்தம். அவர் வேலி போட்டால் மேற்கணக்கு லயத்துக்குத் தண்ணீர் இல்லை.

பழைய வரைபடத்தின் நான்கு மூலைகளையும் கணினிக்குக் காட்டியபோதே அது முணுமுணுத்தது. மேல் மூலைகள் இரண்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அதை ஜயசேகர மாத்தயாவிடம் சொன்னேன். பழைய தாள் எல்லாமே முணுமுணுக்கும், கச்சேரிக் கூட்டம் நெருங்கிவிட்டது, வேலையைத் தொடரலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இது எல்லை காட்டும் படம், இதில் லயத்துப் பீலியும் ஒற்றையடிப் பாதையும் கோழிக்கூடும் எதற்கு, அவற்றை அணைத்துவிடுங்கள். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு வகைப் பொருளும் தனித்தனிக் கண்ணாடித்தாள் போன்ற அடுக்குகளில் இருக்கும். வேண்டாத அடுக்கை அணைத்துவிடலாம், அழிக்க வேண்டியதில்லை. அணைத்தேன். ஊற்று வெளியே விழுவது நியாயமா என்று மீண்டும் கேட்டபோது அவர் சொன்னார்: “கோடு சொல்லிவிட்டது, மிஸ். கோட்டோடு நாம் சண்டை பிடிக்க முடியாது.”

பார்வதியின் வாளி

பரிசோதனைப் பிரதி ஒன்று தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து செய்தி லயத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மேற்கணக்கு லயத்திலிருந்து பார்வதி என்பவர் பெரகலயில் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். பசாரில் வாங்கிய புதிய பிளாஸ்டிக் வாளியை என் மேசைமேல், திரைக்குப் பக்கத்தில், ‘டக்’கென்று வைத்தார்.

“ஏங்க மிஸ், ஊத்த வெளிய போட்டது நீங்கதானா?”

“நான் போடல. அளவு அப்படி வந்திருக்கு.”

“அளவு எப்படிங்க தானா வரும்? யாராச்சும் கூட்டிட்டு வந்தாத்தானே வரும்.”

திரையைக் காட்டினேன். இது எல்லை, இது உங்கள் ஊற்று என்றேன். குனிந்து பார்த்தார். “இந்தச் செவப்புக் கோடா? பொறந்ததுலருந்து அந்த மலையில ஏறி எறங்குறேன், இத நான் பாத்ததே இல்லியே. எங்கிட்டு ஓடுது?” பின்பு குரல் மாறியது. “பெக்டரிக்குக் கீழ ஓடையில அள்ளிக்கச் சொல்றாரு கிளாக்கரய்யா. பூச்சிமருந்து பீப்பா கழுவுறது அங்கதாங்க. போன மழைக்கு அந்தத் தண்ணியக் குடிச்சுட்டுப் புள்ளைங்க வவுத்தால போயி, லயமே ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. என் சின்னவ பொழச்சதே பெரிசு. அவருக்கு அது மறந்துபோச்சு.”

எனக்கு மறக்க வாய்ப்பில்லை. அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை. திரையில் அந்த ஊற்று ஒரு நீலப் புள்ளி, அவ்வளவே. கச்சேரிக் கூட்டத்துக்கு முன் என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன் என்றேன். கந்தோர்களில் இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பதை அவர் என்னைவிட அதிக முறை கேட்டு அறிந்திருப்பார். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்: “கோட்டத் தள்ளுங்க, இல்லாட்டி ஊத்தத் தள்ளுங்க. ரெண்டுல எது லேசோ அதப் பண்ணுங்க மிஸ்.”

தேயிலை மணக்கும் தாள்

பழைய வரைபடங்களுக்கென்று ஒரு மணம் உண்டு: பூஞ்சணமும் கற்பூரமும் எலியும் கலந்தது. மங்கிப்போன ஓர் இலக்கத்தை வாசிக்க அன்று மாலை முகத்தைத் தாளோடு ஒட்டியபோது அந்த மணம் இல்லை. தேயிலை மணந்தது. பிளேன்டீ சிந்திய மணம் அல்ல. தொழிற்சாலை வாசலில் நின்றால் மூக்கில் ஏறுமே, அந்தச் சூடான மணம். அளவுகோலை எடுத்து வரைபடத்தின் சட்டத்தை அளந்தேன். கீழ்ப்பாதி சரி. மேற்பாதி ஒரு நெல்மணியின் நீளம் குறைந்திருந்தது. அந்தப் படத்தில் ஒரு நெல்மணி என்பது நிலத்தில் கிட்டத்தட்ட ஒரு லயத்தின் நீளம். மழைக்காலத்தில் ஊறி விரிந்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். வாடிச் சுருங்கிய தாளை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் நிஸாம் நானாவின் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனோம். தொழிற்சாலையில் தேயிலையைப் பதப்படுத்தும் டீமேக்கர் அந்தோணி, தம் வேலையில் பெருமை கொண்ட மனிதர். வரைபடம் இவ்வழியாகவா வந்தது என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “ஆமாங்க மிஸ். லொறியில ஏத்த இங்கதான் கொண்டாந்தாங்க. நல்லா நனைஞ்சு போயி வந்துச்சு. வெள்ளக்காரன் காலத்துப் படம், அப்படியே சுருட்டி அனுப்புனா பூஞ்சணம் புடிச்சுறாதுங்களா? கொழுந்து வாட்டுற மாடியில, சூட்டுக் காத்து வர்ற வாசல்ல, தலமாட்ட மேல வச்சுக் கட்டித் தொங்க விட்டேன்.”

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கொழுந்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் என்றார். நிஸாம் நானா திரும்பி நின்று சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு லயத்தின் குடிதண்ணீர் இரவோடிரவாக ஒரு மாடியில் ஆவியாகியிருந்தது. அதைச் செய்தவரோ நன்றியை எதிர்பார்த்து நிற்கிறார். கோபிப்பதற்குக் கூட அங்கே யாரும் இல்லை. என் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு அந்தோணி உறுதியாகச் சொன்னார்: “தொட்டுத் தொட்டுப் பாத்துத்தான் மிஸ் எறக்குனேன். பதம் கொஞ்சமும் தப்பல.”

அட்டை காட்டிய எல்லை

தாள் வாடிவிட்டது என்று சொன்னால் ஜயசேகர மாத்தயா ஏற்றுக்கொள்வார், கச்சேரி ஏற்றுக்கொள்ளாது. கணினியில் இருந்து வந்த கோட்டைத் தேயிலைத் தொழிற்சாலையின் சூட்டுக்காற்று நகர்த்தியது என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? அந்தக் காலத்து அளவையாளர்கள் மேல் எல்லையில் பாறைகளில் அடையாளம் வெட்டி வைத்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டு அகப்பட்டால்தான் கோட்டை உரிய இடத்துக்குக் கொண்டுவர முடியும். ஆகவே நிஸாம் நானாவும் அவருடைய ஆட்களும் மலையேறினார்கள். நானும் ஏறினேன். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவள் மலையேறும் காட்சியை வருணிக்க மாட்டேன்.

இரண்டு முறை போய் இரண்டு முறையும் பனி மூடித் திரும்பினோம். மூன்றாம் முறை, ஊற்றுக்கு மேலே புல் மண்டிய சரிவில், நிஸாம் நானா வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு ஒரு பாறையில் குந்தினார். காற்சட்டையை உயர்த்தி, சவர்க்காரக் கட்டியால் அட்டைகளைத் தேய்த்து உதிர்த்தார். இரத்தம் பட்ட கையைப் பாறையிலிருந்த பாசியில் அழுத்தித் துடைத்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். பாசி உரிந்த இடத்தில் உளியால் வெட்டிய குறுக்குக் கோடுகள். அங்கிருந்து பழைய வரைபடத்தில் எழுதியிருந்த தூரத்தை அளந்து போனபோது அடுத்த அடையாளமும் கிடைத்தது. ஊற்று எல்லைக்குள்தான் இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாத தூரம் உள்ளே. நான் குறிப்பேட்டைத் திறந்து தூரத்தை எழுதினேன். நானாவோ, தாம் இருந்த பாறையைத் திரும்பிப் பார்த்து மனம் புண்பட்டவர்போலச் சொன்னார்: “இவ்வளவு நாளா தேடின எல்லைக்கு மேலதான் தங்கச்சி நான் குந்தி ஈந்த. அட்டைக்குத் தெரிஞ்சது ஒங்கட பொட்டிக்குத் தெரியல்ல.”

துரையின் ரோசாச் செடிகள்

பாறை அடையாளங்களைக் கொண்டு மேல் எல்லையைத் திருத்தினேன். ஊற்று உள்ளே வந்தது. இதோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் கந்தோர்களில் வேலை செய்யாதவர்கள்.

திருத்திய படத்தைப் பார்க்கத் தோட்டத்து மேலாளரான துரையே பதுளைக்கு வந்தார். மிகவும் மகிழ்ந்தார், தோட்டத்துக்கு நிலம் கூடினால் எந்தத் துரைதான் மகிழமாட்டார்? திரையில் ஊற்றின்மேல் விரலை வைத்து, அங்கிருந்து பங்களாவரை ஒரு கோடு இழுத்தார். பங்களாவுக்குப் புதிய விருந்தினர் அறைகள் கட்டப்போகிறார்களாம். பங்களாப் பூந்தோட்டத்துக்கும் தண்ணீர் போதவில்லையாம். ஊற்று யாருடையது என்று தெரியாததால் இவ்வளவு காலம் தயங்கினாராம். இப்போது நீங்களே நிரூபித்துவிட்டீர்கள் என்று எனக்கு நன்றி சொன்னார். அப்படியானால் லயத்தார் எங்கே போவார்கள் என்று கேட்டேன். கீழே ஓடை இருக்கிறதே என்றார். அந்த ஓடையில் மருந்துப் பீப்பாய்கள் கழுவப்படுகின்றனவே என்றேன். என்னை ஆச்சரியத்தோடு பார்த்து, அவர் ஆங்கிலத்தில் மிக இனிமையாகச் சொன்னதன் தமிழ் இதுதான்: “அதனால்தான் அந்தத் தண்ணீரை என் ரோசாச் செடிகளுக்கு ஊற்ற முடியவில்லை.”

அணைத்து வைத்த அடுக்கு

அன்று மாலை எல்லோரும் போன பின்பும் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தேன். ஊற்றை வெளியே தள்ளிய கோடும் பார்வதியின் எதிரி. உள்ளே இழுத்த கோடும் பார்வதியின் எதிரி. நிலத்தை யாரும் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அத்தனை மாதங்களாக என்னிடம் வந்து போன ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் படத்தில் இருக்க வேண்டியது படத்தில் இருக்கட்டும். அணைத்து வைத்திருந்த அடுக்கை மறுபடி ஏற்றினேன். பீலி வந்தது. ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் நீர்வழி வந்தது. பெண்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதை வந்தது. மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ‘லயத்தார் பாவனையிலுள்ள நீர்வழி’ என்று, அதாவது அவர்கள் பயன்படுத்தி வருவது என்று, ஆங்கிலத்தில் எழுதினேன். இல்லாத ஒன்றைச் சேர்க்கவில்லை. நிஸாம் நானா அளந்து வந்ததை மறைக்க மறுத்தேன்.

கணினியோடு இணைந்த வரைபொறியின் பேனா பிடித்த இயந்திரக் கை, தாளில் நீலத்தில் அந்த நீர்வழியை வரைந்து முடித்தது. கள்ளத்தனமாகக் கையெழுத்து வாங்குவது என் வழக்கமல்ல. படத்தை ஜயசேகர மாத்தயாவின் மேசையில் விரித்து, நீங்கள் அணைக்கச் சொன்ன அடுக்கை நான் ஏற்றியிருக்கிறேன், இதோ இதுதான், இதற்குக் காரணம் இன்னது என்று விரலை வைத்துச் சொன்னேன். அவர் நீலக்கோட்டையே நெடுநேரம் பார்த்தார். வாழ்நாளில் எத்தனை தோட்டங்களின் பீலிகளை அழகு கருதி விட்டுவிட்டோம் என்று எண்ணினாரோ, ஓய்வூதியத்தைப் பற்றி எண்ணினாரோ, நான் அறியேன். இழுப்பறையைத் திறந்து தம் பழைய பேனா ஒன்றை எடுத்தார். மூக்கின்மேல் கண்ணாடி இருக்க, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், மிஸ். எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று மட்டும் காட்டுங்கள்.”

கடைசித் திருத்தம்

கச்சேரிக் கூட்டத்தில் துரையும் கையெழுத்திட்டார். எல்லையையும் பரப்பளவையும் அவர் வரிவரியாகச் சரிபார்த்ததாகக் கேள்வி. மற்றவை அவருக்கு லயத்துச் சமாசாரம். பின்பு துரை பங்களாவுக்குக் குழாய் போட அனுமதி கேட்டபோது, முன்பு தம் பண்டாரவளை வீட்டைக் காட்டச் சொன்ன அதே கச்சேரி அதிகாரி படத்தை விரித்தாராம். லயத்தார் பாவனையிலுள்ள நீர்வழி என்று இதில் இருக்கிறதே, நீங்களும் ஒப்பமிட்டிருக்கிறீர்களே, இதை எப்படித் திருப்புவது என்று கேட்டாராம். தம் வீடு தெரியாத மிசின்மேல் அவருக்கு இப்படியொரு விசுவாசம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. குழாய் வரவில்லை. பீலி இருந்த இடத்திலேயே இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

சில மாதங்களின் பின், உறவுக்காரரைப் பார்க்கப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்த பார்வதி, என் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். குளிர் தாங்காமல் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டார். பீலி எங்கே இருக்கிறது என்று கேட்டார். சுவரில் தொங்கிய படத்தில் காட்டினேன்: விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய நீலக்கோடு. “இம்புட்டுத்தானா?” என்றார். இவ்வளவுதான் என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் தேநீர் ஒன்று தருவித்து வைத்திருந்தேன். அதைக் குடித்து முடித்து, கோட்டை மறுபடி கிட்ட நின்று பார்த்து, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “காலையில தண்ணி இந்தக் கோடு மாதிரியேதான் மிஸ் வருது, நூலு கணக்கா. அந்தப் பொட்டியில சொல்லி இதக் கொஞ்சம் தடிப்பாப் போட்டு விடுங்க.”

நிலத்தைக் காட்டிலும் படத்தை நம்பும் ஒரு மாகாணத்துக்கு நான் செய்த சேவை இவ்வளவே: கோட்டைத் தடிப்பாக்க ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தியும் பார்த்தேன், பீலியில் தண்ணீர் மட்டும் அதே நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது.